பழைய தேனீப் பெட்டிகளை அப்படியே பயன்படுத்தலாமா?

பினாங்கின் பாலிக் பூலாவில் இரண்டு பெட்டி பொந்துத் தேனீயை ஆறாக்கப் போகிறீர்கள். ஸ்டோரில் கிடக்கும் பழைய சாமான்கள் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டிகள் உதவும். தேனடைகளைத்தான் நம்பக்கூடாது.

முதலில் அடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடை கறுத்திருந்தால் அது பழசு; நூலாம்படை மாதிரி இழை ஓடியிருந்தால் அது அடையைத் தின்னும் மெழுகுப் பூச்சியின் வேலை. எதுவானாலும் யோசிக்காமல் வெட்டி உருக்கிவிடுங்கள். பொந்துத் தேனீக்குக் கறுத்த அடை பிடிக்காது, கூட்டையே விட்டுப் பறந்துவிடும். வெளுத்த நல்ல அடையை உறையில் சுற்றி, ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்தால் மெழுகுப் பூச்சியின் முட்டையும் புழுவும் செத்துவிடும். (வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்!)

பெட்டியைச் சுரண்டி, உட்புறத்தை கேஸ் டார்ச்சால் மரம் லேசாகப் பழுப்பாகும்வரை வாட்டுங்கள். மூலைகளில் இரண்டு தடவை. பினாங்கு ஈரத்துக்கு வெளிப்பக்கம் மட்டும் பெயிண்ட் போதும்.

அப்புறம் ஸ்டாண்டு. நான்கு கால்களுக்கும் எண்ணெய்க் கிண்ணம் வைக்காவிட்டால் எறும்பு ஏறும். முன்பு வைத்திருந்த கூட்டம் நோயில் செத்ததா என்று தெரியாத சட்டங்களை நான் எரித்துவிடுவேன். புதுச் சட்டம் ஒன்றும் பெரிய செலவில்லை.