கரடிக்குப் பயம், பைசனுக்கு?

கேள்வி: ஜூலையில் மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவும், அப்புறம் கிளேசியர் தேசியப் பூங்காவும் போகிறோம். மலைப்பாதையில் கரடி எதிரே வந்தால் ஓடுவதா, மரம் ஏறுவதா? நினைத்தாலே கை கால் உதறுகிறது.

பதில்: இரண்டும் வேண்டாம். கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்; கருங்கரடி நம்மைவிட நன்றாக மரமும் ஏறும். தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டே, முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்னால் நகருங்கள். அந்த நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. ஆள் வருவது தெரியாமல் திடுக்கிடும் கரடிதான் பாய்கிறது. ஓடை இரையும் இடம், புதர் மூடிய வளைவு, காற்று நம் முகத்தில் அடிக்கும் பாதை, இங்கெல்லாம் குரல் கொடுங்கள், கை தட்டுங்கள். பையில் தொங்கவிடும் சின்ன மணியை நம்பாதீர்கள். பேரக் குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் சத்தத்துக்குப் பஞ்சமில்லை, அதட்டி அடக்காமல் இருந்தாலே போதும்.

கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுபோக முடியாது, கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி. போய் இறங்கியதும் வாங்குங்கள். மிளகாய்க் காரம் அடைத்த டப்பா அது; சில விநாடிகளில் காலியாகிவிடும். பாய்ந்து வரும் கரடியின் மேல் அடிக்க வேண்டியதைக் கொசு மருந்து மாதிரி உடம்பிலும் கூடாரத்திலும் அடித்துக்கொள்பவர்கள் உண்டு. காய்ந்தபின் அந்த வாசனையே கரடியை இழுக்கும். நடக்கும்போது டப்பா இடுப்பில் இருக்க வேண்டும். என்னோடு வருபவர்களிடம் திடீரென்று, “ஸ்ப்ரேயை எடுங்கள்” என்று சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். முதலில் சாப்பாட்டு டப்பா வெளியே வரும், அப்புறம் ஸ்வெட்டர், அப்புறம் சார்ஜர். கரடி அவ்வளவு நேரம் காத்திருக்காது.

சரி, நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எல்லோஸ்டோனில் மனிதர்களை அதிகம் காயப்படுத்துவது கரடி அல்ல, பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருது. சாலையோரம் அசையாமல் படுத்திருக்கும். சாது என்று நினைத்துப் பக்கத்தில் போய் நிற்பார்கள். அதுவும் ஏறக்குறைய கரடி வேகத்தில் ஓடக்கூடியது. தலையை உலுக்கினால், காலால் மண்ணைப் பறித்தால், வாலைத் தூக்கினால் விலகிவிடுங்கள். அங்கே சட்டப்படி கரடி, ஓநாய்க்கு 91 மீட்டர், பைசன், எல்க் மானுக்கு 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உங்களைப் பார்த்து அது மேய்வதை நிறுத்தினால், 23 மீட்டர் இருந்தாலும் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம்.

கேள்வி: கிளேசியரில் வெள்ளை மலை ஆடுகள் ஆள் பின்னாலேயே வருமாமே. பழகிய ஆடுகளா?

பதில்: பழக்கமல்ல, உப்பு ஆசை. கோடைப் புல்லில் சோடியம் குறைவு. நம் வியர்வையிலும் சிறுநீரிலும் அது தாராளம். லோகன் கணவாயிலிருந்து ஹிடன் ஏரிப் பக்கம் ஏறும்போது, பாதையோரம் ஒரு தாய் ஆடு ஈர மண்ணை நக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். பழைய ரோமம் கிழிந்த போர்வைபோல் விலாவில் தொங்கியது, குட்டி அதன் வயிற்றடியில் ஒண்டியிருந்தது. சுற்றி நின்றவர்களுக்கு ஒரே உற்சாகம். யாரோ அங்கே சிறுநீர் கழிக்க ஒதுங்கியிருக்கிறார், ஆடு அந்த மண்ணை நக்கியதற்கு அதுதான் காரணம். பார்க்க அழகுதான், ஆனால் கொம்பு கத்தி மாதிரி கூர். ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் 2010இல் ஒருவர் மலை ஆடு குத்தி இறந்தார். 2018இலிருந்து அங்கிருந்த ஆடுகளை ஹெலிகாப்டரில் தூக்கி வேறு மலைகளில் விட்டார்கள். ஒதுங்க வேண்டுமென்றால் பாதையைவிட்டு நன்றாகத் தள்ளிப் போங்கள்.

கேள்வி: கைபேசியிலேயே விலங்குகளைக் கிட்டத்தில் படம் எடுக்க வழி உண்டா?

பதில்: இல்லை. பைனாகுலர் வாங்குங்கள்.

கேள்வி: மூஸ் என்கிற அந்தப் பெரிய மான் துரத்தினாலும் ஓடக் கூடாதா?

பதில்: ஓடலாம், தாராளமாக ஓடுங்கள். மூஸ் காதைப் பின்னால் மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்தால் கோபத்தில் இருக்கிறது. பெரும்பாலும் கொஞ்ச தூரம் விரட்டிவிட்டு நின்றுவிடும். தடித்த மரமாகப் பார்த்து அதன் பின்னால் போய்விடுங்கள்; அது இந்தப் பக்கம் வந்தால் நீங்கள் அந்தப் பக்கம். மருமகள் முன்னால் மரத்தைச் சுற்றி ஓடுவது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.