மை கக்கும் பேனா, மினுங்கும் மை: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் வந்தவை எல்லாம் மைப்பேனாக் கேள்விகள்.

கேள்வி: எபொனைட் (கெட்டி ரப்பர்) பேனா, மையை நேராக உடலுக்குள் ஊற்றும் வகை. முதல் மூன்று நாள் அருமையாக எழுதுகிறது. பிறகு கக்க ஆரம்பித்து, சட்டைப் பை பாழாகிறது. பேனா பழுதா? (மதுரை வாசகர்)

பேனா பழுதில்லை, காற்றுதான் காரணம். மை குறையக் குறைய அந்த இடத்தில் காற்று வந்து உட்காரும். எழுதும்போது கைச்சூட்டில் அது விரிந்து மையை வெளியே தள்ளும். நிப்புக்கு அடியில் வரிவரியாக வெட்டிய கறுப்புத் துண்டு இருக்கிறதே, ஃபீட், அந்த வரிகள் மிஞ்சிய மையைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். அதற்கும் மேல் போனால் தாளில் பொத்தென்று ஒரு சொட்டு. மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பெரும்பாலும் இது நடக்கும். உங்கள் பேனா 3 மி.லி. பிடிக்குமானால், 1 மி.லி. மிச்சமிருக்கும்போதே ஊற்றி நிரப்பிவிடுங்கள். நிரப்ப வசதி இல்லாத இடத்தில், எழுதுவதற்கு முன் நிப் மேலே பார்க்கும்படி பிடித்து, உடலை உள்ளங்கையில் அரை நிமிடம் பொத்தி வையுங்கள். விரியும் காற்று மையைத் தள்ளாமல் நிப் வழியாக வெளியேறிவிடும்.

கசிவு மரையிலிருந்தும் வரலாம். எது என்று கண்டுபிடிக்க, பேனாவைத் துடைத்து, கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் டிஷ்யூ பேப்பர் சுற்றி ஒரு ராத்திரி படுக்க வையுங்கள். டிஷ்யூவில் கறை இருந்தால் மரைதான். பிளம்பர்கள் பயன்படுத்தும் தூய சிலிக்கான் கிரீஸைக் கடுகளவு எடுத்து இரண்டு மூன்று சுற்று மரையில் தடவினால் போதும். வாஸ்லின் வேண்டாம். அது சூட்டில் இளகிவிடும். ரப்பர் வளையம் உள்ள பேனாவில் வளையத்தையும் உப்ப வைத்துவிடும்.

டிஷ்யூ சுத்தமாக இருந்து மூடிக்குள் மட்டும் மை இருந்தால், நிப்பும் ஃபீடும் ஒட்டி உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். ஃபீடும் எபொனைட் என்றால் வழி இருக்கிறது. மையைக் கொட்டி, கழுவிவிட்டு, நிப்பின் நடுத்துளை வரை மட்டும் சூடான தண்ணீரில் 20, 30 விநாடி முக்கி எடுத்து, ஃபீடை நிப்போடு சேர்த்து அழுத்தி ஆறும்வரை பிடியுங்கள். கழுத்துப் பகுதி வெந்நீரில் பட்டால் எபொனைட் பழுப்பேறும், பளபளப்பு போகும். வெயிலில் வைத்தாலும் அதே கதிதான். பிளாஸ்டிக் ஃபீடுக்கு இந்த வைத்தியம் ஆகாது.

கேள்வி: நோட்டில் எழுதினால் மை பிசிறடிக்கிறது, பின்பக்கமும் ஊறுகிறது. 80 ஜி.எஸ்.எம். தாள்தான். எந்த மை வாங்கலாம்? (தஞ்சாவூர் வாசகி)

ஜி.எஸ்.எம். என்பது தாளின் எடை மட்டுமே. மை பரவுவதும் பரவாததும் தாளுக்குப் பூசிய பசையைப் பொறுத்தது. 52 ஜி.எஸ்.எம். ஜப்பானியத் தாள் மையைத் தாங்கும், 100 ஜி.எஸ்.எம். மட்டத்தாள் உறிஞ்சிக் குடிக்கும். ஒரே நோட்டில் ஒரு பக்கம் நன்றாக, மறுபக்கம் மோசமாக இருப்பதும் உண்டு. ஆகவே கட்டாக வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கி, ஒரு சொட்டு மை வைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுப் பின்பக்கம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நல்ல தாளும் கொஞ்சம் பிசிறும்.

இருக்கிற நோட்டை முடித்தாக வேண்டுமென்றால் சன்னமான நிப்புக்கு மாறுங்கள். மையும் ஓட்டம் குறைந்ததாக இருக்கட்டும். பெலிக்கன் 4001 வகை அதற்குப் பெயர் பெற்றது. ஜப்பானிய நிறுவனங்களின் எஃப் (ஃபைன், அதாவது சன்ன) நிப் ஐரோப்பிய எஃப்பை விட ஒரு படி சன்னம். தமிழ் எழுதுகிறவர்களுக்கு அது கூடுதல் லாபம். அகல நிப்பில் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துப் புள்ளியாகிவிடும்.

கேள்வி: படத்தில் நீல மைக்கு மேல் சிவப்பு மினுமினுப்பு தெரிந்தது. வாங்கி எழுதினால் வெறும் நீலம். ஏமாந்துவிட்டேனா? (கோவை வாசகர்)

இல்லை. சாயம் மிக அதிகமாகக் கலந்த மை, தாளுக்குள் இறங்காமல் மேலேயே காய்ந்தால்தான் அந்த ஷீன் தெரியும். உறிஞ்சும் தாளில் ஒருநாளும் வராது. டோமோயே ரிவர் போன்ற, மையை உறிஞ்சாத ஜப்பானியத் தாளில், ஈரமாக எழுதும் நிப்பால் எழுதிப் பாருங்கள். அதற்கு ஒரு விலையும் உண்டு: காய்ந்து பல நாள் ஆன பிறகும் வியர்த்த விரல் பட்டால் இழுவும். நம் ஊர்க் கோடையில் ஷீன் மையில் நாட்குறிப்பு எழுதுவது வீண் வம்பு. வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தங்கப் பொடி மின்னும் ஷிம்மர் மை வேறு ஜாதி. எர்பனின் எமரால்ட் ஆஃப் சிவோர் போன்றவற்றில் சாயத்தோடு பொடியும் மிதக்கிறது (அதில் ஷீனும் உண்டு என்பது வேறு விஷயம்). பொடி அடியில் தங்கும் என்பதால் நிரப்புமுன் புட்டியை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிக் கலக்குங்கள். நிப்பையும் ஃபீடையும் கையால் கழற்ற முடிகிற பேனாவில் மட்டும் ஊற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவாவிட்டால் ஃபீடின் கால்வாயில் பொடி அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: இரண்டு மைகளைக் கலந்து சொந்த நிறம் செய்யலாமா? (திருச்சி மாணவி)

ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வந்த சாய மைகள் என்றால் தாராளமாக. 1 மி.லி. சிரிஞ்சால் அளந்து, மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பியில் கலக்குங்கள். வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைச் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. பச்சை வேண்டுமென்றால் 0.9 மி.லி. மஞ்சளுக்கு 0.1 மி.லி. நீலத்தில் தொடங்குங்கள். அளவைக் குப்பியின் மேலேயே எழுதி ஒட்டாவிட்டால் அதே நிறம் மறுபடி கிடைக்காது. மூன்று நாள் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடியில் மண்டியோ நூல்நூலாகவோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். அமில மையும் கார மையும் சேர்ந்தால் அப்படித் திரியும். நூட்லர்ஸின் பே ஸ்டேட் புளூ காரத்தன்மை உள்ளது. அதை எதனோடும் சேர்க்காதீர்கள். நீர்க்கச் செய்ய வாலை வடிநீர்தான் வேண்டும், போர் தண்ணீர் உப்பு விடும்.

கேள்வி: காசோலையில் ராயல் புளூ மையால் கையெழுத்துப் போடலாமா? (சென்னை வாசகர்)

கூடாது. துவைத்தால் போகும் மை என்றுதான் அது விற்கப்படுகிறது. இரும்பும் காலிக் அமிலமும் சேர்ந்த அயர்ன் கால் மை எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுக் கருத்துத் தாளில் ஊன்றிவிடும். ரோரர் அண்ட் கிளிங்னரின் சாலிக்ஸ் அந்த ரகம். இப்போது புளூ பிளாக் என்று வருபவை எல்லாம் அயர்ன் கால் அல்ல, லேபிளைப் படித்து வாங்குங்கள். அயர்ன் கால் மை ஊற்றிய பேனாவைக் காய விடக் கூடாது.

கேள்வி: பையன் டிராயிங் இங்க்கைப் பேனாவில் ஊற்றிவிட்டான். தண்ணீரில் ஊறவைத்தும் அசையவில்லை. (ஈரோடு வாசகி)

டிராயிங் இங்க் பலவற்றில் அரக்கு இருக்கும். காய்ந்த அரக்கைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அமோனியா 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு: இதில் நிப்பையும் ஃபீடையும் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிளீச்சிங் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். ஸ்பிரிட்டில் அரக்கு கரையும்; ஆனால் பிளாஸ்டிக் உடல் வெடிப்பு விடும். மலிவான பேனா என்றால் புது நிப், ஃபீட் போடுவதே மேல்.

கேள்வி: புது நிப் கீறுகிறது. உப்புத்தாளில் தேய்க்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸால் நிப்பின் முனையை நேர் எதிரே பாருங்கள். பிளவின் இரு பாதிகளில் ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தால் அதுதான் கீறல். தாழ்ந்ததை அடியிலிருந்து நகத்தால் மெல்ல மேலே தள்ளி, எழுதிப் பார்த்து, மறுபடி தள்ளுங்கள். நேர்கோடு போட்டுச் சோதித்தால் தெரியாது. ‘ஞ’ எழுதுங்கள், எல்லாத் திசையும் அதில் வந்துவிடும். இரண்டும் சமமாகியும் கீறினால் 12000 எண் மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய மெருகுத் தாளில் எடை கொடுக்காமல் எட்டுப் போல் பத்துச் சுற்று, அவ்வளவுதான். அதிகம் தேய்த்தால் பிளவின் உள்விளிம்பு உருண்டு, மை தாளை எட்டாமல் ஒவ்வொரு எழுத்தின் முதல் கோடும் விழாமல் போகும்.

கேள்வி: வெள்ளை வேட்டியில் மைக்கறை? (காரைக்குடி வாசகர்)

சாய மை என்றால் உடனே குளிர்ந்த தண்ணீர், பிறகு சோப்பு. வெந்நீர் ஆகாது. அயர்ன் கால் மையில் பிளீச்சிங் போட்டால் நீலம் போய்த் துருக்கறை நிற்கும். அதற்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, ஒரு மணி நேரம் கழித்து அலசுங்கள்.