கீசர் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது: செலவு யாருடையது?

வாடகை வீட்டில் கீசர் போட்டால் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது, சரிசெய்யும் செலவு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்ட அட்டவணையில் கீசர் பழுது வாடகைதாரர் பொறுப்பாகத்தான் இருக்கிறது. சுவருக்குள் ஓடும் வயரிங் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு பற்றித் தனியாக எழுதியிருந்தால் இது மாறலாம், ஒருமுறை படித்துவிடுங்கள்.

கீசர் போட்ட சில நிமிடத்தில் விழுகிறது, மற்ற நேரத்தில் இல்லை என்கிறீர்கள். பெரும்பாலும் ஹீட்டிங் எலிமென்ட்டின் உறை அரித்து, மின்சாரம் தண்ணீர் வழியாக எர்த்துக்குக் கசியும்.

சோதிக்க, கீசரின் பிளக்கையே கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அது ஒற்றை முனை சுவிட்ச் என்றால் நியூட்ரல் இணைப்பில்தான் இருக்கும், அதனாலும் விழலாம். கழற்றிய பிறகு ஆர்சிசிபி விழாமல் நின்றால் கோளாறு கீசரில். அப்போதும் விழுந்தால் வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

"ஆர்சிசிபியை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம்" என்று உரிமையாளர் சொன்னதற்கு மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். வீடுகளில் ஆளைக் காப்பாற்றப் பொருத்தும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அந்த அளவு கசிவை எம்சிபி (அதிக மின்சாரம் ஓடினால் மட்டும் விழும் சுவிட்ச்) கண்டுகொள்ளவே செய்யாது, மின்சாரம் ஷவரில் நிற்பவர் உடல் வழியாகப் பாயும். சரியாகும்வரை கீசரைத் தொடவேண்டாம். புகாரை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்பி வையுங்கள்.