பாவமன்னிப்புக் கேட்டு ஜெபித்தால் போதாதா, மனந்திரும்புதல் எதற்கு?

செய்த பாவத்தை ஆண்டவரிடம் அறிக்கையிட்ட பிறகும் மனந்திரும்புதல் என்று தனியாக எதை எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அறிக்கை மட்டும் போதாது என்பதை நான் தராசின் அருகே நின்று கற்றவன்.

இருபது ஆண்டுகளுக்கு முன், இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பறித்த கொழுந்தை நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதினேன். சாக்குக்கும் ஈரத்துக்குமாக ஒரு கிலோ கழிப்பது அங்கே வழக்கம் (அந்த வழக்கமே நியாயமா என்பது வேறு கதை). நான் இரண்டு கழித்து, மிஞ்சியதை என் அண்ணியின் பெயரில் ஏற்றினேன். அண்ணிக்குச் சம்பளத்துக்கு மேல் வரும் கைக்காசு கூடியது. எதிர் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அக்காவுக்கோ குறித்த கிலோ எட்டாமல் பல நாள் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழுந்தது.

பிடிபட்டால்தானே கேடு என்று நினைத்திருந்தேன். ஆனால், யாரிடம் திருடினேனோ அவர்கள் மீதே எனக்கு வெறுப்பு வளர்ந்தது. கொழுந்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள், முற்றல் இலையைக் கலக்கிறார்கள் என்று மனதுக்குள் அவர்களைக் கள்ளர்களாக்கினேன். தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜா, கடைசியில் உரியாவையே போர்முனையில் சாகவிட்டதும் இப்படித்தான்: அநியாயம் செய்தவனுக்கு அதற்கு ஆளானவனே இடைஞ்சலாகிவிடுகிறான்.

இரவில் மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன். காலையில் மறுபடி இரண்டு கிலோ கழித்தேன். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழிகள் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் ஆலயத்தில் வாசிக்கப்பட்ட ஞாயிறன்று என்னால் தலைநிமிர முடியவில்லை. அந்த மாதமே வேலையிலிருந்து நின்றேன். ஏமாற்றி எடுத்ததை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, குற்றநிவாரண பலி செலுத்தும் நாளிலேயே உரியவனிடம் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6ஆம் அதிகாரம். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, தருவதாகச் சொன்னான். என் கையிருப்புக்கு ஐந்தில் ஒன்றே இயன்றது.

முதலில் அந்த அக்காவிடம் போனேன். பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டவர், "காசு சரி தம்பி. மலையில கத பேசிக்கிட்டு நின்னுதான் அரைப்பேரு வாங்குறேன்னு எங்க வீட்டுக்காரரு என்னைய ஏசினாரே, அத அவருகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்திருந்த அவரிடம், அடுத்த காம்பராக்காரர்களும் (அறைக்காரர்களும்) கேட்க, முதலிலிருந்து சொன்னேன். அதன் பிறகு இன்னும் ஆறு வீடுகள் இருந்தன.