பழைய சினி கெமராவுக்கு மெர்குரி பெட்டரி கிடைக்கவில்லை. வேறு போட்டால் லைட் மீட்டர் சரியாகக் காட்டுமா?

கேட்டவர் பண்டாரவளைக்காரர். சித்தப்பா விட்டுப்போன, 8 மில்லிமீட்டர் பிலிமில் ஓடும் சூப்பர் 8 கெமரா கையில் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. மீட்டருக்கான சின்ன அறையில் 1.35 வோல்ட் மெர்குரி பெட்டரி போடச் சொல்லி எழுதியிருக்கிறது. கடையில் அதே அளவில் அல்கலைன் தருகிறார்கள், போடலாமா என்கிறார்.

போட்டால் கெமராவுக்கு ஒன்றும் ஆகாது. பிலிம்தான் கெடும். நான் கெடுத்தவன், அல்கலைன் போட்டு எடுத்த என் முதல் ரோலில் முகங்கள் கறுப்பாகத்தான் வந்தன.

எங்கள் வீட்டில் இருப்பது பிரவுன் நீசோ எஸ்56. தாத்தா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பங்களா அப்புவாக, அதாவது துரை வீட்டு வேலையாளாக இருந்தார். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குப் புறப்பட்ட துரை கொடுத்துவிட்டுப் போன சாமான்களில் அதுவும் ஒன்று. தாத்தா அதில் ஓர் அடி பிலிம்கூட ஓட்டவில்லை. பிலிமுக்குக் காசு ஏது? அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

நான் எடுத்துப் பார்த்தபோது மீட்டர் அறைக்குள் இரண்டு பழைய பெட்டரிகள் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தன. காது சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சியை வினாகிரியில் தொட்டுத் தேய்த்தேன், தகடு மின்னியது. கசிந்திருப்பது காரம், அதனால் புளிப்புக்கு இளகும். உங்கள் கெமராவிலும் முதல் வேலை அதுதான். எடுத்த பெட்டரியைக் கொழுந்து மலையில் வீசாதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள். உள்ளே இருப்பது பாதரசம்.

மாட்டிக்கொண்ட இடம் இதற்கு அப்புறம். பழையதன் பெயர் பிஎக்ஸ்625. இப்போது கிடைக்கும் அல்கலைனின் பெயர் பிஎக்ஸ்625ஏ. ஓர் எழுத்துதான் வித்தியாசம், அறைக்குள் கச்சிதமாக உட்காரும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் புதியது 1.5 வோல்ட்டுக்கும் மேலே காட்டும். மெர்குரியின் குணம் வேறு: சாகும்வரை 1.35இலேயே நிற்கும், பிறகு ஒரேயடியாக விழும். அந்த நிதானத்தை நம்பித்தான் அந்தக் காலத்து மீட்டர்களைச் செய்தார்கள். வெளிச்சம் கூடினால், அதை உணரும் சிடிஎஸ் செல்லின் தடை குறையும், மின்னோட்டம் கூடும், அதற்கேற்ப லென்ஸின் துவாரம் சுருங்கும். பெட்டரியே கூடுதல் வோல்ட் கொடுத்தாலோ, மீட்டர் அதை வெயில் என்று நினைத்துத் துவாரத்தை மூடிவிடும். பெட்டரி தேயத் தேய இந்தப் பிழையும் மாறும் என்பதால், ஒரு கணக்கு வைத்துச் சமாளிக்கவும் முடியாது.

சில கெமராக்களில் பாலச் சுற்று வைத்திருப்பார்கள், அவற்றுக்கு வோல்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கவலையில்லை. உங்களுடையது எந்த வகை என்று திறந்து பார்க்கத் தேவையில்லை, சோதனை போதும். ஓட்டி முடித்த காலிக் காட்ரிஜ் (பிலிம் அடைத்து வரும் கூடு) ஒன்றை உள்ளே போடுங்கள். காட்ரிஜில் உள்ள வெட்டைத் தொட்டுத்தான் கெமரா பிலிமின் வேகத்தை, அதாவது அது வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்பதை அறிகிறது, காட்ரிஜ் இல்லாமல் பார்த்தால் வேறு ஏதோ சொல்லும். போனில் ஒரு லைட் மீட்டர் செயலியை இறக்கி, அதே பிலிம் வேகத்தையும் 1/40 செக்கனையும் வையுங்கள். ஒரு படத்துக்கு வெளிச்சம் படும் நேரம் அது, நொடிக்கு 18 படம் ஓடும்போது பெரும்பாலான சூப்பர் 8 கெமராக்களில் அதற்குப் பக்கமாகத்தான் வரும். நிழலில் இருக்கும் வெறும் சுவர் ஒன்றை இரண்டாலும் பாருங்கள். எங்கள் வீட்டுப் பின்சுவருக்குப் போன் எஃப் 8 என்றது (இது துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்). அல்கலைன் போட்ட நீசோ 11ஐத் தொடப்போனது. கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப், அதாவது பிலிமுக்கு ஏறக்குறைய பாதி வெளிச்சம்தான் போகிறது. நெகட்டிவ் பிலிம் என்றால் பொறுத்துக்கொள்ளும். எக்டாக்ரோம் மாதிரி, எடுத்த பிலிமையே நேராகத் திரையில் ஓட்டும் ரிவர்சல் பிலிம் அரை ஸ்டாப்பையே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, என்ன போடுவது? காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் சிங்க்-ஏர் பெட்டரி. 1.4 வோல்ட் கொடுக்கும், கடைசிவரை பெரிதாக இறங்காது. அகலம் 11.6 மில்லிமீட்டர், பழையது 16. ஆட்டம் போடாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள். நான் தண்ணீர்ப் பைப் வாஷரைத்தான் வெட்டிப் போட்டேன். முதுகில் உள்ள ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போடவேண்டும். உரித்த நாளிலிருந்து, படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், சில வாரங்கள்தான் உயிர். திருப்பி ஒட்டினாலும் பெரிதாகப் பயனில்லை. ஆகவே படம் எடுக்கப் போகிற காலையில் உரியுங்கள். நுவரெலியாக் குளிரில் இந்த வகை கொஞ்சம் சோர்ந்துபோகும், சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கிப் போடுவது என் வழக்கம்.

இந்தத் தொல்லை வேண்டாமென்றால் எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு இருக்கிறது. 1.55 வோல்ட், மெர்குரி போலவே நிதானமானது. கூடுதலாக உள்ள 0.2 வோல்ட்டைக் குறைக்க ஒவ்வொன்றுக்கும் ஷாட்கி டயோட் என்ற சின்ன மின்னுதிரி ஒன்று வேண்டும். ரேடியோ திருத்தும் பாஸ் யாராவது இருந்தால் அரை மணி நேர வேலை. டயோடைத் திருப்பி வைத்தால் மீட்டர் அசையாது, பயப்படாதீர்கள்.

இவ்வளவும் செய்து அடுத்த ரோலை எடுத்தேன். ரோல் என்றால் 50 அடி, 18 படத்தில் 3 நிமிடம் 20 செக்கன். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக் கூடையோடு மலையேறும் பெண்கள், காலை ஏழரை மணி, பின்னால் மூடுபனி. திரும்பி வந்ததைப் பார்த்தால் முகங்கள் மறுபடியும் கறுப்பு! அன்றைக்குத்தான் புரிந்தது, முதல் ரோலில் நான் பெட்டரி மேல் போட்ட பழியில் பாதி பனிக்கு உரியது. எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்று எண்ணுவதுதான் மீட்டரின் சுபாவம். வெள்ளையாகப் பனி நிறைந்திருந்தால் அதையும் சாம்பலாக்கப் பார்த்துத் துவாரத்தை மூடும். 1.35 வோல்ட்டைத் துல்லியமாகக் கொடுத்தாலும் இதைத் திருத்த முடியாது.

இப்போது கெமராவைக் கீழே சாய்த்து, ஆட்கள் நிற்கும் அதே வெளிச்சத்தில் உள்ள தேயிலைச் செடியைப் பார்க்கிறேன். முற்றிய இலையும் கொழுந்தும் கலந்த அந்தப் பச்சை நடுச்சாம்பலுக்குப் பக்கத்தில் வருகிறது. வந்த எண்ணை மேனுவலில் பூட்டிவிட்டு, அப்புறம் கெமராவை மேலே தூக்குகிறேன். உங்கள் கெமராவில் பூட்ட வழி இல்லையென்றால், மூடுபனி பின்னால் வராத பக்கமாக நின்று எடுங்கள்.

பழைய மெர்குரியையே இணையத்தில் தேடி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அதன் விற்பனை நின்றது. இன்று பெட்டி பிரிக்காமல் கிடைத்தாலும் அது உங்கள் சித்தப்பா காலத்துச் சரக்கு, பாதி உள்ளேயே பூத்திருக்கும்.