ஓட்டை சின்னது, பின் பெரியது

கேள்வி: ஐயா, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கன்ட்ரோலருக்கு நானே டிசைன் போட்டு 20 சர்க்யூட் போர்டு அடித்து வாங்கினேன். மேலும் கீழும் செம்புக் கோடுகள் உள்ள இரண்டு லேயர் வகை. ஹெடரின் (சாக்கெட் செருகுவதற்கான பின் வரிசை) பின் 0.64 மி.மீ. என்பதால் ஓட்டைக்கு 0.8 மி.மீ. கொடுத்தேன். ஒரு பின்கூட இறங்கவில்லை. 1 மி.மீ. பிட் போட்டு டிரில் செய்துவிடலாமா?
– பாலிடெக்னிக் மாணவர், கோவை

பதில்: முதலில் அந்த டிரில்லைக் கீழே வையுங்கள், தம்பி. நீங்கள் எடுத்த 0.64 பக்க அளவு. பின் சதுரம். மூலைக்கு மூலை அளந்தால் 0.9 வரும். 0.8 ஓட்டையில் எப்படி இறங்கும்?

ஓட்டையின் உட்சுவரில் முடியைவிட மெல்லிய செம்புப் பூச்சு இருக்கிறது. மேல் லேயரையும் கீழ் லேயரையும் இணைப்பது அதுதான். டிரில் பட்டால் அது சுரண்டிக்கொண்டு போய்விடும். பல வருடங்களுக்கு முன் ஓர் ஆம்ப்ளிஃபையர் போர்டில் நான் இதைச் செய்தேன். பிட்டின் நுனியில் சிவப்பாகத் தூள் ஒட்டியிருந்தது, கவனிக்கவில்லை. பின் அழகாக உட்கார்ந்தது, ஈயமும் பளபளவென்று பிடித்தது. ஆனால் ஒரு பக்க ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. மல்டிமீட்டரை மேலும் கீழும் வைத்தபோது பீப் வரவில்லை. அப்புறம்தான் அந்தச் சிவப்புத் தூள் என்னவென்று புரிந்தது.

உங்களுக்கு நல்ல வழி, உருண்டைக் கால் உள்ள ஹெடர். கடைசலில் கடைந்து செய்த வகை அது; கால் சுமார் 0.5 மி.மீ.தான், தாராளமாக இறங்கும். விலை கொஞ்சம் கூடுதல். மறுபக்கச் சாக்கெட்டையும் அதே வகையில் வாங்குங்கள். சாதாரணச் சாக்கெட்டில் அது லூசாக ஆடும்.

சதுர ஹெடர்தான் வேண்டுமென்றால், காலின் நாலு மூலையையும் மெல்லிய அரத்தால் லேசாகத் தேயுங்கள். பித்தளை மஞ்சளாகத் தெரியும், பரவாயில்லை, ஃப்ளக்ஸ் தடவினால் ஈயம் பிடிக்கும். நுழையவில்லை என்று சுத்தியலால் மட்டும் தட்டாதீர்கள், உள்பூச்சு விரிசல் விடும். 20 போர்டுக்கு இது பொறுமையான வேலைதான்.

மோட்டாரின் 230 வோல்ட் வரும் ஸ்க்ரூ டெர்மினல் ஓட்டையும் சின்னதாக இருந்தால், அங்கே இந்த வேலை எதுவும் வேண்டாம். தண்ணீர் பக்கத்தில் கை வைக்கிற சாமான் அது. செலவானாலும் புது போர்டு அடியுங்கள். ஆர்டரில் ஹெடருக்கு 1 மி.மீ. என்று போட்டு, அது பூச்சுக்குப் பிறகு வர வேண்டிய அளவு என்றும் எழுதுங்கள்.

ஒன்றிரண்டு போர்டை ஏற்கெனவே துளைத்துவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். ஹெடரை 2 மி.மீ. தூக்கி வைத்து, மேலேயும் கீழேயும் ஈயம் வையுங்கள். ஹெடரின் காலே இரண்டு லேயரையும் இணைத்துவிடும். மேல் பேட் (ஓட்டையைச் சுற்றியுள்ள செம்பு வளையம்) பெயர்ந்திருந்தால், அதற்கு வரும் செம்புக் கோட்டின் மேலுள்ள பச்சைப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, ஒற்றை இழை வயரைப் பின்னிலிருந்து அங்கே கொண்டுபோய்ப் பற்றவையுங்கள்.