மழை கிழக்கே இருந்து வரும் மாதம்

கேள்வி: நாங்கள் குமுளியில் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று நாள் காரில் கிளம்பி, கம்பம், போடி வழியாக மூணாறு ஏறி, இரவிகுளம், மறையூர், சின்னாறு பார்த்துவிட்டு, உடுமலை வழியாகப் பரம்பிக்குளம் வரை போய்வர என் கணவரும் கொழுந்தனாரும் திட்டம் போட்டிருக்கிறார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். மாமியாருக்கு இழுப்பு உண்டு, மகளுக்கு ஆறு வயது. "ரூமுக்குப் பணம் கட்டியாச்சு, மழையில்தான் காடு அழகு, மறையூர்ப் பக்கம் மழையே பெய்யாது" என்கிறார் கணவர். நான் வேண்டாம் என்றதும் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். போகலாமா, வேண்டாமா?
– குமுளி வாசகி ஒருவர்

பதில்:

அன்புச் சகோதரி, இந்தத் தேதியில், இந்தப் பாதையில் போக வேண்டாம். உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் வீட்டில் பேச்சு மாறும் என்று நம்புகிறேன்.

மறையூர், சின்னாறு மழை மறைவுப் பகுதி என்பது உண்மைதான். ஆனால் அது ஜூன், ஜூலை மாதத்துக் கணக்கு. அப்போது காற்று மேற்கிலிருந்து வருகிறது. மூணாறு மலை மழையை வாங்கிக்கொள்ள, கிழக்குச் சரிவு காய்ந்து கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்லாம் தலைகீழ். சின்னாற்றுக்கு வருடத்தில் கிடைக்கும் கொஞ்ச மழையில் பெரும்பகுதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. வங்கக் கடலில் கிளம்பும் தாழ்வு நம் பக்கம் நகர்ந்தால், ஈரக்காற்று முதலில் முட்டுவது கிழக்கே பார்த்த மலைச்சரிவுகளில். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதை மூன்றும் அந்தச் சரிவில்தான் இருக்கின்றன. 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள போடிமெட்டில் ஏறும்போது, ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் பள்ளம். மழையில் மேலிருந்து கல் உருண்டால் ஒதுங்க இடம் கிடையாது. குமுளியிலிருந்து கீழே இறங்கி, மறுபடி அந்த வழியே ஏற வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லையே! நெடுங்கண்டம், உடும்பஞ்சோலை, பூப்பாறை என்று ஏலக்காட்டுக்கு நடுவே மேலேயே போகும் சாலை இருக்கிறது. அதிலும் வளைவுகள் உண்டு, நேரமும் பிடிக்கும். ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றை உங்கள் வீட்டுக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள். மலையில் இன்று பெய்யும் மழையை மட்டும் பார்த்தால் போதாது, நேற்றும் முந்தாநாளும் பெய்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்டில், இரவிகுளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரை மண்சரிவு கொண்டுபோனது. நாள் கணக்கில் கொட்டிய மழையில் மண் ஊறிப்போன பிறகு, ஓர் இரவில் நடந்தது அது. வானம் வெளுத்த அன்றைக்கே கிளம்புவதும் இதனால்தான் ஆபத்து. மழை விட்டு இரண்டு நாளாவது போகட்டும். வெட்டிய மண்சுவரிலிருந்து கலங்கிய நீர் கசிந்தாலோ, சாலையில் புதிதாக விரிசல் தெரிந்தாலோ, அங்கே நிற்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

வானிலை மையம் இடுக்கிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால், ஒரே நாளில் 20 சென்டிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கலாம் என்று பொருள். அதற்கும் மேல் சிவப்பு. இப்படிப்பட்ட நாட்களில் மாவட்ட நிர்வாகம் மலைச்சாலைகளில் இரவுப் பயணத்தைத் தடை செய்வதும், சுற்றுலா இடங்களை மூடுவதும் வழக்கம். அறை இருந்தும் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

சரி, எப்போது போவது? ஜனவரி கடைசி வாரத்தைச் சொல்வேன். மண்டல பூஜை, மகரவிளக்கு நெரிசல் எல்லாம் முடிந்து, குமுளிச் சாலைகள் மூச்சுவிடும் நேரம் அது. வடகிழக்கு மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், காலையில் புல் மேல் உறைபனி பார்க்கலாம். அதற்கு மேல் தள்ளாதீர்கள். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் இரவிகுளத்தைப் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் வனத்துறை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், டிக்கெட்டையும் ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். சொந்தக் காரை உள்ளே விட மாட்டார்கள், வனத்துறை பஸ்தான்.

பரம்பிக்குளத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். அது கேரளக் காடு என்றாலும், சாலை வழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். அதற்குத் தனியாக இரண்டு நாள் வேண்டும். மூன்று நாளில் மூன்று காடு என்று ஓடினால் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் எதையும் பார்க்க மாட்டார், குழந்தை வாந்தி எடுத்தே களைத்துவிடும். மூணாற்றில் இரண்டு இரவு தங்கி, ஒரு நாள் இரவிகுளம், ஒரு நாள் மறையூர், சின்னாறு என்று வைத்துக்கொண்டாலே நிறைவாக இருக்கும். சின்னாற்றுக் காட்டுச் சாலையிலிருந்து வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், தள்ளியே வண்டியை நிறுத்திக் காத்திருங்கள்.

ஓட்டப்போகிறவருக்கும் சில வார்த்தைகள். தெளிந்த மாதத்திலும், பூப்பாறையிலிருந்து மூணாறு போகும் வழியில் உள்ள கேப் ரோட்டில் மூடுபனி சட்டென்று இறங்கும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும், லோ பீம் போதும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். எரிபொருளை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடவே கூடாது.

கட்டிய பணத்தைப் பற்றி: ரத்து செய்கிறேன் என்று கேட்பதைவிடத் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மழை எச்சரிக்கை இருக்கும்போது, அதுவும் கூட்டம் குறைந்த நாளுக்கு மாற்றினால், பல விடுதிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். இன்றைக்கே போன் செய்யுங்கள், உங்கள் வீட்டுக்காரரையே பேசச் சொல்லுங்கள்.

மாமியாரை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அழைத்துப் போங்கள். இரவிகுளத்தில் நீங்கள் பார்க்கப்போகும் ராஜமலையின் குளிர்காற்று இழுப்பைக் கிளப்பலாம். இன்ஹேலரை டிக்கியில் வைக்கும் பெட்டியில் போட்டுவிடாமல் அவர் கைப்பையிலேயே வையுங்கள். விடியற்காலை பனியில் வெளியே வராமல், வெயில் ஏறிய பிறகு வரட்டும். வரையாடுகள் அப்போதும் சாலையோரம் மேய்ந்துகொண்டிருக்கும்.